அரைச் சுற்று

நவம்பர் 4, திங்கள்

ரத்தக் கொதிப்பு நூற்று அறுபதைத் தாண்டியதும் டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்துவிட்டார். தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "கோபத்தையெல்லாம் பேப்பர்ல கொட்டிருங்க தமயந்தி. மனுஷங்க மேல கொட்டாதீங்க" என்றார். பேப்பர் என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை. நோட்டு வாங்கிவிட்டேன்.

இன்றைய கோபம் கேப்டன் ஜெயசீலன் மேல். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் ஒரே ஆசிரியர். நாகர்கோவில்காரர், முப்பத்து மூன்று வயது. அவர் பேசினால் அவர் சட்டைப் பையில் இருக்கும் பேனாவுக்கே கேட்காது. நான் அதே பள்ளியில் பராமரிப்பு இன்ஜினீயர். இப்போது பறக்கிற நிலையில் இருப்பது ஒரே ஒரு விமானம். அதற்கு வயது நாற்பத்தொன்று, என்னைவிட ஐந்து வயது இளையது. நான் கையெழுத்துப் போட்டால் பறக்கும், போடாவிட்டால் கொட்டகையில் நிற்கும்.

காலையில் குறைப் புத்தகத்தில் கேப்டன் எழுதியிருந்தார்: "ஃபிளாப் மூன்றாவது நாட்ச்சில் விமானம் இடது பக்கம் சாய்கிறது."

இறக்கையின் பின்விளிம்பில் மடங்கி இறங்கும் பலகைதான் ஃபிளாப். இருக்கைகளுக்கு நடுவே காரின் ஹேண்ட் பிரேக் மாதிரி ஒரு நெம்புகோல். தரையிறங்கும்போது அதை ஒவ்வொரு நாட்ச்சாக, அதாவது ஒவ்வொரு பல்லாக, இழுத்தால் இரண்டு பக்கப் பலகையும் ஒன்றாகக் கீழே போகும், விமானம் மெதுவாக வரும். ஒன்றாகப் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். முந்நூறடி உயரத்தில் ஒரு பக்கம் மட்டும் மேலே எழும்பிவிட்டால் விமானம் குப்புறக் கவிழும், நிமிர்த்த நேரம் கிடைக்காது.

அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மூன்று நாட்ச்சிலும் இரண்டு பக்கமும் ஒரே கோணம். குறைப் புத்தகத்தில் பதில் எழுதினேன்: "விமானம் நேராக உள்ளது. விமானி நாற்காலியில் நேராக உட்காருகிறாரா என்று பார்க்கவும்."

மாணவர்கள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். நல்ல மனிதர்தான், கைதான் கொஞ்சம் கனம்.

நவம்பர் 6, புதன்

நூறு மணி நேரச் சோதனை முடிந்தது. எண்ணெய் மாற்றினோம். ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்தோம். பிரேக் கட்டை ஒன்று புதிது. இறக்கை அடிக் கவர்கள் திறந்து பார்த்தாயிற்று. ஃபிளாப்பை முழுக்க மேலே ஏற்றிப் பார்த்ததில் இடது பக்கம் வலதைவிட ஒரு நூல் கீழே தொங்கியது. வழக்கம்போல் அதைத் தாங்கும் தள்ளுதண்டின் முனையை ஸ்பானர் வைத்து அரைச் சுற்று நீட்டினேன். பலகை மேலே வந்து வலதோடு சேர்ந்துகொண்டது. இந்த விமானத்துக்கு இது ஒரு பழக்கம், சிலருக்குக் கண்ணாடி மூக்கில் இறங்குவதைப் போல. ஏற்றிவிட்டால் போயிற்று.

இருதயராஜ் அண்ணன் எங்கள் டெக்னீஷியன். ஐம்பத்தேழு வயது. கவர் வேலையை அவரிடம் விட்டிருந்தேன். மதியம் வந்து நின்றபோது நான் சென்னை ஸ்டோர்காரனைப் போனில் உரித்துக்கொண்டிருந்தேன். டயர் ட்யூப் கேட்டால் வேறு அளவில் அனுப்பியிருக்கிறான், கேட்டால் "எல்லாம் ரப்பர்தானே மேடம்" என்கிறான்.

"ஆச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"ம்... ஆச்சும்மா." இன்னும் ஏதோ சொல்ல வந்தார். பொறுங்கள் என்று கை காட்டினேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். வேலைக் கார்டில் கையெழுத்துப் போட்டு விமானத்தை விடுவித்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. பறப்பு இல்லை. யார் மேலும் கத்தவில்லை. கத்துவதற்கு யாரும் இந்தப் பக்கம் வரவும் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

கேப்டன் மறுபடி எழுதிவிட்டார். "மூன்றாவது நாட்ச்சில் இடது பக்கச் சாய்வு தொடர்கிறது. முன்பைவிடக் கூடுதல்." கூடுதல் என்பதன் கீழே கோடு வேறு.

கோபத்தோடுதான் கொட்டகைக்குப் போனேன். மறுபடி அளந்தேன். கோணம் சரி. கீல்களுக்குக் கிரீஸ் வைத்தேன். நெம்புகோலின் பற்களைப் பார்த்தேன், தேய்மானம் இருக்கிறது, ஆனால் நழுவவில்லை. வலது, இடது, வலது, இடது என்று பத்துத் தடவை இறக்கி ஏற்றியும் இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகத்தான் நின்றன. குறைப் புத்தகத்தில் எழுதினேன்: "தரையில் ஒரு குறையும் இல்லை. வானத்துக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர், புகாரை அவரிடம் கொடுக்கவும்."

சாயங்காலம் தேநீர் நேரத்தில் மாணவி மெய்யம்மை அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தேவகோட்டைப் பெண், இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷம் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு வேலையை உதறிவிட்டு வந்தவள். அடுத்த வாரம் முதல் தடவையாகத் தனியாகப் பறக்கப் போகிறாள். "செம மேடம்" என்றாள். கேப்டன் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குடித்தார்.

நவம்பர் 14, வியாழன்

மேலாளர் பஞ்சாயத்துப் பண்ணினார். "ரெண்டு பேரும் ஒண்ணாவே மேல போய்ப் பாத்துட்டு வந்துருங்க. எனக்கு இதுக்கு மேல தலவலி வேணாம்."

நான் மேலே போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாணவர் உட்காரும் இடது இருக்கையில் என்னை உட்கார வைத்தார். இரண்டாயிரம் அடிக்கு ஏறி, வேகத்தைக் குறைத்து நெம்புகோலை இழுத்தார். முதல் நாட்ச், ஒன்றுமில்லை. இரண்டாவது நாட்ச்சில் இருக்கைக்கு அடியில் யாரோ லேசாக முட்டியது போல இருந்தது. மூன்றாவதை இழுத்ததும், "இப்பக் கைய எடுக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை விட்டார்.

விமானம் இடது பக்கம் சரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் கிடந்த கண்மாய் நேராக என் முகத்துக்கு எதிரே ஏறி வந்தது. இடது ஃபிளாப்பைத் திரும்பிப் பார்த்தேன், பிறகு வலதை. இடது பக்கம் இரண்டு விரல் மேலே நின்றது. தரையில் அளக்கும்போது ஒன்றாக நிற்கிற பலகை காற்று அடியிலிருந்து தூக்கியதும் மேலே போயிருக்கிறது.

பயந்துவிட்டேன்.

அவர் நிமிர்த்தி, ஃபிளாப்பை ஏற்றி, இறக்கிக்கொண்டு வந்தார். நின்றதும் என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு மேல காத்து ஜாஸ்தி கேப்டன்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி

காற்று செய்கிற வேலையைக் கையால் செய்து பார்த்தோம். ஃபிளாப்பை இறக்கிவிட்டு, விளிம்பில் துண்டை மடித்து வைத்து, இரண்டு பேர் அடியிலிருந்து தூக்கினார்கள். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் லொடக்கென்று மேலே போனது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இடது வெளிக்கீலின் போல்ட்டைக் கழற்றினால் அதில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம். ஆள் அகப்பட்டுவிட்டான்! இரண்டு பக்கமும் போல்ட்டும், அதைச் சுற்றி உட்காரும் உலோக வளையமான புஷ்ஷும் புதிதாகப் போட்டேன். மறுபடி தூக்கச் சொன்னேன். ஆட்டம் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, நாற்பத்தொரு வயதில் அதுகூட இல்லாமல் எப்படி.

இருதயராஜ் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "உள்ள அந்த அடிக் கவரையும் ஒருக்காத் தொறந்து பாத்துருவமாம்மா? அங்கிட்டு தண்டத் தள்ளற ஒரு கிராங்க் இருக்குல்ல, அதுலயும் புஷ் இருக்கும்" என்றார்.

"ஆறாம் தேதிதானேண்ணே தொறந்தீங்க? ஒம்பது நாள்ல அது உள்ள உக்காந்து முட்டையா போட்டிருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நவம்பர் 16, சனி

கேப்டன் ஒரு சுற்று பறந்துவிட்டு வந்தார்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"பரவால்ல மேடம்."

"பரவால்லன்னா? சரியாயிருச்சா, இல்லையா? வெண்டைக்காய்க் குழம்பா சாப்பிட்டீங்க, வழவழன்னு பேசறீங்க?"

"சரிதான் மேடம்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

குறைப் புத்தகம் மூன்று நாளாக வெள்ளை. என் வைத்தியம் பலித்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் போனேன். நூற்று ஐம்பது. எழுதுவதால் குறைகிறது என்று அவர் நினைக்கிறார். புகார் வராததால் குறைகிறது என்று நான் நினைக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பழைய வேலைக் கார்டுகளை எல்லாம் புதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஆறு வருஷத்துக் கார்டு. கொட்டாவி வருகிற வேலை.

சாயங்காலப் பறப்பு முடிந்து கேப்டன் என் அறை வாசல்வரை வந்தார். நான் பெயின்ட் காண்ட்ராக்டரை நிற்க வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நிலைப்படியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "என்ன கேப்டன்?" என்றேன். "நாளைக்கு மெய்யம்மைக்கு முதல் தனிப் பறப்பு மேடம்" என்றார். "தெரியுமே, லட்டு உண்டுல்ல?" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 22, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

காலை ஒன்பது மணிக்குக் கார்டுகளோடு உட்கார்ந்தேன். வெளியே எஞ்சின் சத்தம். கேப்டன் மெய்யம்மையோடு மூன்று சுற்று பறந்து காட்டிவிட்டுக் கீழே இறங்கிக்கொள்வார், நான்காவது சுற்றை அவள் தனியாக முடிக்க வேண்டும். அதுதான் முறை.

மார்ச் மாதக் கார்டு: "இடது ஃபிளாப், தண்டு அரைச் சுற்று நீட்டி, இரு பக்கமும் சமம்." என் கையெழுத்து. அதற்கு முந்தைய கார்டு: "அரைச் சுற்று நீட்டி." என் கையெழுத்து. அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது. ஒரே வாக்கியத்தைப் பதிவேட்டில் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டே போனேன். ஐந்தாவது தடவை எழுதும்போதுதான் பேனா நின்றது.

எண்ணினேன். தண்டு புதிதாகப் பொருத்தியது ஆறு வருஷத்துக்கு முன்பு. அதற்குப் பிறகு பதின்மூன்று அரைச் சுற்று. ஒரு தடவைகூட உள்ளே திருப்பவில்லை, எல்லாமே வெளியே. முதல் இரண்டு எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது, மீதி பதினொன்றும் நான். பொருத்திய அன்றைய கார்டைத் தேடி எடுத்தேன். தண்டின் குழலுக்குள் முனையின் மரை ஏறியிருந்தது ஏழரைச் சுற்று. பதின்மூன்று அரை என்றால் ஆறரை. மிச்சம் ஒரே ஒரு சுற்று.

உள்ளே கிராங்க்கின் புஷ் தேயத் தேயப் பலகை தொங்கியிருக்கிறது. நாங்கள் தண்டை நீட்டி நீட்டி அதை மேலே தூக்கி மறைத்திருக்கிறோம். தரையில் எல்லாம் சமம். வானத்தில் காற்று தூக்கும்போது அந்தத் தண்டைப் பிடித்து இழுக்கிறது. ஒரு சுற்று மரை எத்தனை இழுப்பைத் தாங்கும்?

எஞ்சின் சத்தம் தலைக்கு மேலே போனது. செருப்பில்லாமல் ஓடினேன்.

ஓடுதளத்தின் ஓரத்தில் கேப்டன் கையில் ரேடியோவோடு நின்றார். விமானம் ஓடுதளத்துக்கு இணையாக எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது, இன்னும் இரண்டு திருப்பத்தில் இறங்க வேண்டும்.

"ஃபிளாப்! ஃபிளாப் போட்டாளா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ரேடியோவை அழுத்தினார். "மெய்யம்மை, ஃபிளாப் எத்தனை?"

"ஃபர்ஸ்ட் நாட்ச் சார். திரும்பினதும் ரெண்டாவது போடறேன்."

"போட வேணாம்னு சொல்லுங்க. ஏத்தவும் வேணாம். எங்க இருக்கோ அங்கயே விடச் சொல்லுங்க. தண்டு மரை நுனியில நிக்குது கேப்டன், அத ஒரு குலுக்குக் குலுக்கினாலும் போயிரும்."

கேப்டன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் மாறவில்லை. எனக்கு எப்போதும் எரிச்சல் தரும் அதே மெல்லிய குரலில் பேசினார். "மெய்யம்மை, ஒரு சின்ன மாத்தம். இன்னிக்கு ஒரே நாட்ச்லதான் இறங்கப் போற. நெம்புகோல்கிட்ட கையே போகக் கூடாது. வேகத்த எழுபதுல வச்சுக்க. வழக்கத்தவிட ரொம்பத் தூரம் மிதக்கும், பயப்படாத. திருப்பத்த அகலமா, மெதுவா எடு."

"ஏதாவது பிரச்சினையா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது.

"பிரச்சினை வராம இருக்கத்தான் சொல்றேன்" என்றார்.

கடைசித் திருப்பத்தில் இடது இறக்கை கீழே போனது. திருப்பத்துக்காகப் போகிறதா, வேறெதற்காகவா என்று இங்கிருந்து தெரியாது. இறக்கை நிமிர்ந்தது. வேகமாக, தாழ்வாக வந்தாள். ஓடுதளத்தின் தொடக்கம் தாண்டியும் சக்கரம் தரையைத் தொடவில்லை. பாதி ஓடுதளம் போயும் தொடவில்லை. அந்தக் கோடியில் மழைத்தண்ணீர் நிறைந்த பள்ளம். "விடு, விடு, அதுவா உக்காரும்" என்று கேப்டன் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை தொட்டுத் துள்ளி மறுபடி தொட்டது. பிரேக் கிறீச்சிட்டது. பள்ளத்துக்கு முப்பதடி இருக்கும்போது நின்றது.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தனிப் பறப்பு முடித்தவர் தலையில் வாளித் தண்ணீர் ஊற்றுவது இங்கே வழக்கம். மற்ற மாணவர்கள் வாளியோடு ஓடினார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈரத்தோடு அவள் சிரித்துக்கொண்டு வந்து, "மேடம், ஒரு நாட்ச்லயே எறக்கிட்டேன் பாத்தீங்களா?" என்றாள். "பாத்தேம்மா" என்றேன்.

நவம்பர் 23, சனி

இன்று கவரைத் திறந்தோம். நான் தரையில் மல்லாந்து படுத்து நானே திறந்தேன். பதினான்கு திருகு. இரண்டின் தலை மழுங்கிப்போய் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கவில்லை, துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவற்றின் மேல் பழைய பெயின்ட் உடையாமல் அப்படியே இருந்தது. சமீபத்தில் யாரும் திறந்ததே இல்லை.

தண்டுக் குழலில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் கம்பியை விட்டால் மரையில் இடித்து நிற்க வேண்டும். உள்ளே தடையில்லாமல் போய் மறுபக்கம் வந்தால் மரை போதவில்லை என்று அர்த்தம். கம்பி மறுபக்கம் வந்தது. பூட்டு நட்டைத் தளர்த்தி முனையை இரண்டு விரலால் திருப்பினேன். முக்கால் சுற்றில் கையோடு வந்துவிட்டது.

இருதயராஜ் அண்ணனைப் பார்த்தேன்.

"அன்னைக்கு ரெண்டு ஸ்க்ரூ வரலம்மா" என்றார். "சொல்லத்தான் வந்தேன். நீங்க போன்ல இருந்தீங்க. ஆச்சான்னு கேட்டீங்க, தலையாட்டிட்டேன். பொறவு சொன்னா, ஏன் அப்பவே சொல்லலன்னு நாலு பேர் முன்னால கேப்பீங்கன்னு..."

நாலு பேர் முன்னால் கேட்டேன். கொட்டகையே அதிரக் கத்தினேன். ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும் என்று சொன்னேன். வயசுக்கு மரியாதை இல்லாமல் பேசினேன். அவர் தலை குனிந்து நின்றார். தப்பு அவர் மேல்தானே, அவர் பொய் சொன்னதால்தானே நான் கையெழுத்துப் போட்டேன்?

மேலாளரும் அதையேதான் சொல்கிறார். "அறிக்கைல டெக்னீஷியன் கவர் திறக்கலன்னு போட்டுருங்க மேடம். உங்க லைசென்ஸ் தப்பிச்சுரும்." சரி என்றேன். திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். தேய்ந்த புஷ், நீட்டப்பட்ட தண்டு, திறக்கப்படாத கவர், டெக்னீஷியன் பெயர். ஒன்று மட்டும் உறுத்தியது. நான் மாற்றியது வெளிக்கீலின் போல்ட், உள்ளே தேய்மானம் அப்படியேதான் இருந்திருக்கிறது. பதினாறாம் தேதிக்குப் பிறகும் விமானம் சாய்ந்திருக்க வேண்டுமே. பிறகு ஏன் குறைப் புத்தகம் வெள்ளையாக இருந்தது?

கேப்டனைக் கூப்பிட்டேன். வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நான் கைவச்ச பின்னாடி அது இழுக்கவே இல்லையா?"

"இழுத்துச்சு மேடம். பதினாறாம் தேதியே இழுத்துச்சு, கொஞ்சமா. வியாழக்கிழமை சாயங்காலம் நல்லாவே இழுத்துச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப ஏன் எழுதல? எழுதறதுக்குத்தானே அந்தப் புத்தகம்? தெரிஞ்சே அந்தப் பொண்ண மேல அனுப்பினீங்களா?"

அவர் அதே மெல்லிய குரலில் சொன்னார்.

"எழுதத்தான் உக்காந்தேன் மேடம். பேனாவக்கூடத் திறந்தேன். நீங்க எழுதின ரெண்டு பதிலும் அதே பக்கத்துல மேல இருந்துச்சு. பசங்க அத போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்ல போட்டிருந்தாங்க, நான் கிளாஸுக்குள்ள நுழைஞ்சாலே நாற்காலியக் காட்டிச் சிரிப்பாங்க. மூணாவது தடவை எழுதினா என்ன வரும்னு யோசிச்சேன். நேர்ல சொல்லலாம்னு உங்க ரூமுக்கு வந்தேன். நீங்க பெயின்ட்காரரத் திட்டிட்டிருந்தீங்க. அவர் முகத்தப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். மெய்யம்மைகிட்ட மட்டும், மூணாவது நாட்ச் தொடாதேன்னு தனியாச் சொல்லிவச்சேன். என் மேலயும் தப்பு மேடம். அத நானே எழுதிக் கொடுத்துர்றேன்."

அவர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அறிக்கையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பதின்மூன்றில் பதினொரு அரைச் சுற்று என்னுடையது என்று எழுதினேன். கவரைத் திறந்ததாகக் கேள்விப்பட்டேன், கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் புஷ்ஷையும் மரையையும் எழுதிவிட்டு, அதற்குக் கீழே இதையும் சேர்த்தேன்: "கவர் திறக்கவில்லை என்பது டெக்னீஷியனுக்கு இரண்டு வாரமாகத் தெரியும். விமானம் இன்னும் சாய்கிறது என்பது விமானிக்கு ஆறு நாளாகத் தெரியும். இருவரும் என்னிடம் சொல்ல வந்து, என் வாய்க்குப் பயந்து திரும்பிப் போனார்கள்."

மேலாளர் படித்துவிட்டு, "இந்தக் கடைசி மூணு வரி எதுக்கு மேடம்? இதெல்லாம் மெஷின் சம்பந்தப்பட்டதே இல்லையே. லைசென்ஸப் புடுங்கிருவாங்க" என்றார்.

"என் வாய்தான் முதல்ல கழற்ற வேண்டிய பார்ட்டு சார்" என்று சொல்லிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.